வந்தாள், வந்தார், கம்ஸ்

ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்து பெண்களை இவ்வளவு கூச வைக்கும் என்று, இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். எஸ் என்ற எழுத்து. ‘ஷி கம்ஸ்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘ஷி கம்’ என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளும் பெண்களைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். தி. நகரில், உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், தையல் கடைக்கு மேலே உள்ள மாடி அறையில் வகுப்பு. செவ்வாயும் புதனும் மதியம். துணிக்கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு வாரவிடுப்பு சனி ஞாயிறில் கிடைக்காது என்பதால் அந்த நாட்கள். அவர்களோடு மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் சமையல் வேலை செய்பவர்களும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்து மீட்டிங்கில் வாய் திறக்க வேண்டும் என்பதற்காகவே வருகிற அம்மாக்களும் உண்டு.

எஸ்ஸின் தொல்லை இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் அது பன்மை: கேர்ள், கேர்ள்ஸ். வினைச்சொல்லோடு சேர்ந்தால் அதே எஸ் ஒருமை: தி கேர்ள் கம்ஸ், தி கேர்ள்ஸ் கம். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல புடவையை அக்காவும் தங்கையும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு போவது மாதிரி, ஒருத்தி கட்டியிருந்தால் மற்றவளுக்கு இல்லை என்று சொல்லுவேன். சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ‘சில்ட்ரன்’ இந்தக் கணக்கில் வராது என்பதை மூன்றாவது வாரம்தான் சொல்லுவேன், முதல் நாளே பயமுறுத்த வேண்டாம் என்று.

இன்னொரு பக்கம் தமிழ். எழுதும்போது ‘பேருந்துகள் வந்தன’ என்று எழுதுகிறோம். பேசும்போது ஒரு பஸ்ஸும் வந்துச்சு, பத்து பஸ்ஸும் வந்துச்சு. ‘வந்தன’ என்று வாயால் சொல்லி பஸ் ஸ்டாப்பில் நின்றவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அஃறிணையில் ஒருமை பன்மை பார்க்கும் வழக்கம் நம் பேச்சிலிருந்து எப்போதோ போய்விட்டது. ஆகவே ‘தி பஸஸ் இஸ் லேட்’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு மூளை இல்லை என்று அர்த்தமில்லை. தமிழ்ப் பேச்சின் இலக்கணத்தை அவர் சரியாகப் பின்பற்றுகிறார், அவ்வளவுதான். இதைச் சொன்னால் வகுப்பில் பலருக்கு முகம் கொஞ்சம் தெளியும்.

ஆங்கில வினைச்சொல்லுக்கும் ஒரு காலத்தில் நிறைய வால் இருந்தது. ‘தௌ கமெஸ்ட்’, ‘ஹி கமெத்’ என்றெல்லாம் ஆளுக்கொரு விகுதி. ஒவ்வொன்றாக உதிர்ந்து, நிகழ்காலத்தில் இந்த ஒற்றை எஸ் மிச்சம். ‘ஆம், இஸ், ஆர்’ ஒரு தனிக் குடும்பம், அதை விட்டுவிடலாம். இறந்தகாலத்துக்குப் போனால் அந்த எஸ்ஸும் இல்லை. ‘கேம்’, எல்லாருக்கும் ‘கேம்’.

அதைச் சொல்லித் தரும் நாள் எனக்குப் பிடித்த நாள். ‘ஐ கேம், யூ கேம், ஹி கேம், ஷி கேம், இட் கேம், தே கேம்’ என்று போர்டில் எழுதி முடித்ததும் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: “நாய்க்கும் இதேதானா மேடம்?”

“நாய்க்கும் இதேதான்.”

“எங்க மாமியாருக்கும்?”

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அது அடங்கியதும், ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் பத்தொன்பது வயதுப் பெண் கேட்டார்: “அப்ப மரியாதைய எங்க வைக்கறது மேடம்?” (பத்தொன்பது வயதுப் பெண்ணை ‘கேட்டார்’ என்று எழுதினால் தமிழில் சற்று விறைப்பாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.)

தமிழில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. வினைமுற்றின் கடைசியில் மரியாதைக்கென்று ஓர் இடம் எப்போதும் தயாராக இருக்கிறது, அதை நிரப்பாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது. ‘வந்தாள்’ என்ற ஒரு சொல்லைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்துப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்த ‘ஆள்’ விகுதி திணை, பால், எண், இடம் நான்கையும் சொல்லிவிடும் என்றும் படித்தோம். பரீட்சையில் கேட்காத ஐந்தாவது ஒன்றும் அதில் இருக்கிறது. வந்தவளை ‘ஆர்’ போட்டுச் சொல்லத் தேவையில்லை என்று பேசுகிறவர் முடிவு செய்திருக்கிறார் என்பது.

எழுவாயும் பயனிலையும் பொருந்தாமல் போவதை நம் இலக்கணம் வழு என்கிறது. திணை வழு, பால் வழு, இட வழு என்று ஏழு வகை. ஒரே ஒருவரைப் பன்மையில் சொல்வதும் பார்க்கப்போனால் பொருந்தாமைதான். ‘அவர்’ என்பது பலரைக் குறித்த சொல். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இதற்கு ஒரு நூற்பா இருக்கிறது. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உள்ள உயர்த்திச் சொல்லும் முறை, இலக்கண நெறிப்படி அது வராது என்பது அதன் சாரம். கல்லூரியில் இதைப் படித்தபோது ஒரு மதிப்பெண் விஷயமாகக் கடந்து போனேன். இப்போது எனக்கு அது பெரிய செய்தியாகத் தெரிகிறது. ‘அப்பா வந்தார்’ என்பதில் உள்ள ‘ஆர்’ஐ அங்கே கொண்டுவந்து வைத்தது இலக்கணம் இல்லை, வீடு. வீட்டுக்கு அம்மாவுக்கும் அதை வைக்கும் அதிகாரம் இருந்தது. பல வீடுகள் வைக்கவில்லை.

‘என் தாய்’ என்று கட்டுரை எழுதாத தமிழ் மாணவி இருப்பாளா? ‘என் தாய் அதிகாலையில் எழுவாள். எங்களுக்காக உழைப்பாள்.’ அடுத்த வாரம் ‘என் தந்தை’. ‘என் தந்தை அலுவலகம் செல்வார்.’ இரண்டுக்கும் ஆசிரியை சிவப்பு மையில் டிக் அடித்துக் கொடுத்தார். ‘அம்மாங்க வந்தாங்க’ என்றே பேசிய பிள்ளைகள்கூடக் கட்டுரை என்று வந்தால் ‘எழுவாள், உழைப்பாள்’ என்று எழுதினார்கள். தெய்வமே என்று தொடங்கும் கட்டுரையில்கூட அம்மாவுக்கு ‘ஆள்’தான்.

அது நெருக்கம், மரியாதைக் குறைவு இல்லை என்பார்கள். மயிலாப்பூரில் இந்தப் பதில் அடிக்கடி கிடைக்கும். அங்கே தெய்வத்துக்கே அப்படித்தானே என்று கேட்பார்கள். பங்குனி உற்சவத்தில் மாட வீதியில் கூட்டத்தோடு நின்றிருந்தால் காதில் விழும்: “சுவாமி வந்துட்டார், அம்பாள் பின்னாடி வந்துண்டிருக்கா.” கபாலீஸ்வரருக்கு ‘ஆர்’, கற்பகாம்பாளுக்கு ‘ஆ’. முருகனை ‘வந்தான்’ என்று சொல்வதில்லையா, அதுவும் நெருக்கம்தானே என்றும் கேட்பார்கள். சரி, முருகனுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெருக்கம் வீட்டுக்குள் வந்ததும் ஒரு பக்கமாகவே ஏன் வழிகிறது? அதே வீட்டில் அப்பாவிடம் நெருக்கம் இல்லையா? (மயிலாப்பூர்ப் பேச்சில் ஒரு வேடிக்கை உண்டு. ‘அவ வந்தா’ என்றால் அவள் ஒருத்தி. ‘அவா வந்தா’ என்றால் மரியாதைக்குரியவர்கள். வினைச்சொல் இரண்டுக்கும் ஒன்றே. எழுவாயில் ஒரு கால் நீண்டால் மரியாதை வந்துவிடும்.)

இந்தப் பக்கத்துச் சின்னப் பெண்கள் கணக்கை வேறு விதமாகத் தீர்க்கிறார்கள். கணவனை ‘அவன் இன்னும் ஆபீஸ்லேர்ந்து வரல’ என்கிறார்கள். மாமியார்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு, ஒரு தயக்கமும் உண்டு. நாவல்களில் மட்டும் பார்த்த ‘அவன் வந்தான், அவள் வந்தாள்’ சமத்துவம் ஒருவழியாகப் படுக்கையறைக்கு வந்திருக்கிறது. ஆனால் அதே பெண், சமையல் செய்யும் அக்காவைப் பற்றி ‘அவ இன்னிக்கு வரல’ என்று சொல்லும்போது அது எந்தக் கணக்கில் சேர்கிறது?

‘அவ’கூடக் கிடைக்காத பெண்கள் இருக்கிறார்கள். ‘பையன் வந்தான்’, ‘பொண்ணு வந்துச்சு’. கவனித்துப் பாருங்கள், கடையில், பஸ்ஸில், கல்யாணப் பேச்சில் எல்லாம் பொண்ணு வந்துச்சு, பார்த்துச்சு, சிரிச்சுச்சு. பிரியமாகத்தான் சொல்கிறார்கள். பிரியத்தோடு உயர்திணையிலிருந்து இறக்கி வைக்கிறார்கள். தி. நகரில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. எங்கள் வகுப்பிலும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் மொழியில் இது இன்னும் வெளிப்படை. அவன் வந்தால் ‘வச்சாடு’. அவள் வந்தாலும் பசு வந்தாலும் ‘வச்சிந்தி’. பெண்கள் பலராக வந்தால் ஆண்களோடு சேர்ந்து ‘வச்சாரு’. தனியாக வந்தால் பசுவோடு, கூட்டமாக வந்தால் மனிதரோடு. “இத்தன வருஷம் பேசறேன், இத யோசிச்சதே இல்ல” என்றார் ஒருவர். மலையாளமோ வினையில் இந்த விகுதிகளையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டது. அவன் வந்நு, அவள் வந்நு. கேரளத்தில் அதனால் மட்டும் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தெரியவில்லை.

இந்தியில் ‘நான் போகிறேன்’ என்று சொல்லவே பெண் ‘ஜாத்தி’ என்றும் ஆண் ‘ஜாத்தா’ என்றும் முடிக்க வேண்டும். தமிழில் ‘நான் வந்தேன்’ என்பதில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. ‘நீ வந்தாய்’ என்பதிலும் இல்லை. நம்மைப் பற்றி மூன்றாவது ஆள் பேசத் தொடங்கும்போதுதான் விகுதி வந்து ஒட்டிக்கொள்கிறது. எங்கள் வகுப்பில் ஓராண்டு படித்த ஒரு திருநங்கை இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். “நான் வந்தேன், நான் சொன்னேன்னு நானே பேசிட்டிருக்கற வரைக்கும் ஒண்ணும் இல்ல மேடம். நான் அந்தப் பக்கம் போனதும் ‘வந்தான்’னு சொல்றாங்களா ‘வந்தாங்க’ன்னு சொல்றாங்களான்னு காது பின்னாடியே நிக்கும்.”

எது பிழை, எது பிழையில்லை என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் ஒரு புதன்கிழமை வந்து சொன்னது. கடைக்கு ஓர் அம்மாவும் மகளும் வந்திருக்கிறார்கள். மகள் ஆங்கிலத்தில் கேட்க, இவரும் துணிந்து ‘திஸ் கலர் ஆர் நாட் அவைலபிள்’ என்று சொல்லியிருக்கிறார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு பெட்டியை எடுக்க உள்ளே போன வேறொரு விற்பனைப் பெண்ணைப் பற்றி அம்மா கேட்டிருக்கிறார்: “எங்க போனா அவ?” உள்ளே போனவருக்கு நாற்பத்தைந்து வயது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ‘ஆர்’ வரக்கூடாத ஆங்கில இடத்தில் ‘ஆர்’ வந்தது பிழை. வந்திருக்க வேண்டிய தமிழ் இடத்தில் வராதது பிழை இல்லை. கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. வினைச்சொல்லின் விகுதிக்குச் சட்டம் போட முடியாது. போடவும் வேண்டாம்.

ஆங்கிலத்தை உயர்த்திப் பிடிக்க இதையெல்லாம் சொல்லவில்லை. அதற்கும் அதன் கணக்கு உண்டு. நம் ஊரில் மூன்று தலைமுறைக்கு ஆங்கிலம் கற்றுத்தந்த புத்தகம் ரென் அண்ட் மார்ட்டின். ‘எவரிபடி’, ‘ஈச்’ போன்ற சொற்களுக்கு ஒருமை வினை போடவேண்டும் என்று அது சொல்லித் தந்தது. அதோடு, ஆணா பெண்ணா என்று தெரியாத இடத்தில் ‘ஹிஸ்’ என்று எழுதச் சொன்னது. முழுக்கப் பெண்களே உட்கார்ந்திருந்த வகுப்பில் நாங்கள் ‘ஈச் ஸ்டூடண்ட் மஸ்ட் பிரிங் ஹிஸ் புக்’ என்று எழுதிப் பழகினோம். எண்ணில் பொருந்தினால் போதும், பாலில் பொருந்த வேண்டாம் என்பது அங்கே விதி.

அந்த ‘ஹி’க்குள் ‘ஷி’யும் அடக்கம் என்று சட்டமே இருக்கிறது. 1850இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அப்படி எழுதியது. இந்தியாவில் 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், பதின்மூன்றாவது பிரிவில், ஆண்பாற் சொற்கள் பெண்களையும் சேர்க்கும், ஒருமை பன்மையையும் சேர்க்கும் என்று சொல்கிறது. இன்றும் நடைமுறையில் உள்ள சட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. 1916இல் கல்கத்தாவில் ரெஜினா குஹா என்ற பெண், சட்டம் படித்துத் தேறிய பிறகு, வழக்காடப் பதிவு செய்துகொள்ள விண்ணப்பித்தார். வழக்கறிஞர்கள் பற்றிய சட்டம் ‘ஹி’ என்று எழுதப்பட்டிருந்தது. ‘ஹி’ என்றால் ‘ஷி’யும்தானே? இந்த இடத்தில் சேர்க்க முடியாது என்று உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1923இல் பெண்களுக்கென்று தனிச் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. வரி கட்ட, தண்டனை பெற என்றால் ‘ஹி’க்குள் நாம் இருந்தோம். கோர்ட்டில் வாதாட என்றால் வெளியே நின்றோம். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருவர் சொன்னார்: “ரேஷன் கார்டுல பேரு இருக்கும், பத்திரத்துல இருக்காது, அந்த மாதிரி.”

இப்போது ஆங்கிலத்தில் ஒற்றை ஆளுக்கும் ‘தே’ போடுகிறார்கள். 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதைத்தான் அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. ஒருவர்தான் இருக்கிறார், ஆனால் ‘தே இஸ்’ என்று சொல்லக்கூடாது, ‘தே ஆர்’தான். ஆங்கில உலகத்தில் எத்தனையோ படித்தவர்கள் இதை ஜீரணிக்க முடியாமல் தவிக்கிறார்கள். எங்கள் மாடி அறையில் இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. “நம்ம அவங்க மாதிரி” என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். திருநங்கைத் தோழி தன் நோட்டில் அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுக்கொண்டார்.

அடையாறு காந்தி நகரிலும் கஸ்தூரிபா நகரிலும் நான்கு வீடுகளில் சமைக்கும் ஓர் அக்கா இரண்டு வருடமாக வருகிறார். ஐம்பத்திரண்டு வயது. ஏன் ஆங்கிலம் என்று முதல் நாள் எல்லாரிடமும் கேட்பது வழக்கம். “அந்த ஃப்ளாட்டுக்காரங்க போன்ல குரூப் வெச்சிருக்காங்க. அதுல என்னப் பத்தி என்ன எழுதறாங்கன்னு நானே படிக்கணும்” என்றார். இதைவிட நல்ல காரணம் எனக்கு யாரும் சொன்னதில்லை. போன மாதம், ஒரு வீட்டில் மேசைமேல் கிடந்த போனில் ஒரு செய்தி வெளிச்சமாகி நின்றபோது படித்துவிட்டாராம். ‘ஷி கேம் லேட் டுடே ஆல்சோ.’

எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்ததில் பெருமை. பிறகு சந்தேகம். “இதுல ‘அவ லேட்டா வந்தா’ன்னு இருக்கா, ‘அவங்க லேட்டா வந்தாங்க’ன்னு இருக்கா மேடம்?”

இரண்டாகவும் இருக்கலாம், ஆங்கிலத்தில் தெரியாது என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப இங்கிலீஷ்ல எழுதினா மட்டமா பேசறாங்களான்னே கண்டுபிடிக்க முடியாது. தமிழ்ல பாதி வார்த்தைலயே தெரிஞ்சுடும்.”

‘கேம்’ எல்லாருக்கும் சமம் என்று போர்டில் எழுதி மகிழ்ந்திருந்த எனக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வார்த்தையைப் போனில் தட்டியவருக்குத் தலைக்குள் எந்த விகுதி ஓடியது என்பது அக்காவுக்குத் தெரியவேண்டியிருக்கிறது. வேலைக்குப் போகும் வீட்டில் மனிதர்கள் தன்னை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவரிடம் இருந்த ஒரே அளவுகோல் அந்த விகுதி.

சென்ற செவ்வாய் ஒரு பயிற்சி கொடுத்தேன். எஸ் போடும் பயிற்சிதான். ‘மை கிராண்ட்மதர் செல்ஸ் ஃப்ளவர்ஸ் நியர் தி மயிலாப்பூர் டேங்க். ஷி வேக்ஸ் அட் த்ரீ. ஷி பைஸ் தி ஃப்ளவர்ஸ் அட் கோயம்பேடு. ஷி நோஸ் எவரிபடி.’ எங்கே எஸ் வருகிறது என்று அடிக்கோடிட்டு, பிறகு தமிழில் எழுதச் சொன்னேன். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். எஸ் எல்லாருக்கும் சரியாக வந்தது. தமிழில் ஆறு பேர் பாட்டி விற்கிறாள் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் விற்கிறார். ஒருவர் பேச்சிலேயே, விக்கிறாங்க.

போர்டில் ‘கிராண்ட்மதர்’ஐ அழித்துவிட்டு ‘கிராண்ட்ஃபாதர்’ என்று எழுதினேன். ‘ஷி’ எல்லாம் ‘ஹி’ ஆயிற்று, எஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி தமிழில் எழுதினார்கள். ஒன்பது பேரும் விற்கிறார்.

“பாட்டி நம்ம பாட்டி மேடம், அதான்” என்றார் ஒருவர்.

“தாத்தா மட்டும் அடுத்த வீட்டுத் தாத்தாவா?” என்றார் சமையல் அக்கா.

வாக்குவாதம் கொஞ்ச நேரம் நடந்தது. பாட்டிக்கு ‘ஆர்’ போட்டால் யாரோ விருந்தாளி மாதிரி இருக்கிறது என்று ஒருவர் பிடிவாதமாகச் சொன்னார். அதிலும் நியாயம் இருக்கிறது. பாட்டி கையால் தலைபின்னிக்கொண்ட யாருக்கும் அது புரியும். மூன்று பேர் நோட்டில் ‘ள்’ளை அடித்துவிட்டு மேலே ‘ர்’ என்று எழுதினார்கள். மற்றவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். ஐந்தரை மணிக்குக் கீழே தையல் மிஷின் நின்றது. அடுத்த வாரம் ‘டூ’, ‘டஸ்’ என்று போர்டில் எழுதிவிட்டு விளக்கை அணைத்தேன்.